ஓட்டுப் போட்டு ஓர் இன்ஸ்பெக்டர்!

'ஷெரீப்' என்ற வார்த்தை எனக்கு அமெரிக்காவிலிருந்து வரவில்லை. சிவகாசியிலிருந்து வந்தது!

நம்பாதவர்கள் என் வயசுக்காரர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்துதான் வந்தன. பட்டாசு லேபிளும் காலண்டரும் அச்சாகிற அதே ஊரிலிருந்து டெக்ஸ் வில்லரும் லக்கி லுக்கும் குதிரை ஏறித் தமிழ்நாடு முழுக்கப் போனார்கள். சிக் பில் கதைகளில் ஷெரீப் டாக்புல் என்று ஒரு கோபக்காரர் வருவார். கூடவே ஆர்டின் என்று ஓர் உதவியாளர். இரண்டு பேரும் சேர்ந்து திருடனைப் பிடிப்பதற்குள் நமக்கு வயிறு வலித்துவிடும்.

அந்த டாக்புல் நெஞ்சில் குத்தியிருக்கும் நட்சத்திரம் நிஜ அமெரிக்காவில் ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் கொடுப்பது என்பது, எனக்கு வயசு இருபத்தெட்டு ஆகிற வரைக்கும் தெரியாது. தெரிய வைத்தது ஒரு திருட்டு.

ஊர் பேர் வேண்டாம். பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடை வாசலில் என் ஸ்ப்ளெண்டரை நிறுத்தினேன். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினால் வண்டி இருந்த இடத்தில் ஒரு ஆடு நிற்கிறது. டீ பத்து ரூபாய். வண்டி முப்பத்தைந்தாயிரம். என் வாழ்க்கையில் குடித்ததிலேயே விலை ஜாஸ்தியான டீ அதுதான்.

ஸ்டேஷனுக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"என்ன வேலை பாக்கறீங்க?"

"ரைட்டர் ஸார்."

நிமிர்ந்தார். "யோவ், ரைட்டர் நான்தான்யா!"

அவர் ஸ்டேஷன் ரைட்டர். நான் பத்திரிகைக்கு எழுதுகிற ரைட்டர். அவர் எழுதினால் ஊர் நடுங்கும். நான் எழுதினால் என் வீட்டிலேயே யாரும் படிப்பதில்லை. இந்த வித்தியாசத்தை அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது.

"ஆர்.சி. புக் இருக்கா?"

"இருக்கு ஸார்."

"இன்ஷூரன்ஸ்?"

"போன மாசம் முடிஞ்சிருச்சு ஸார்..."

அவ்வளவுதான். வண்டியைப் பறிகொடுத்தவன் என்கிற அந்தஸ்திலிருந்து, இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டிய குற்றவாளி என்கிற அந்தஸ்துக்கு ஒரே நொடியில் நான் மாற்றப்பட்டேன். 'திருடனும் இப்போ இன்ஷூரன்ஸ் இல்லாமல்தானே ஸார் ஓட்டிக்கிட்டிருப்பான், அவனையும் பிடிங்களேன்' என்று சொல்ல நினைத்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மனு ரசீது கேட்டேன். "சாயந்திரம் வாங்க" என்றார். எந்தச் சாயந்திரம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்பது சாயந்திரம் போனேன். பத்தாவது நாள் போனால் ரைட்டர் டிரான்ஸ்பர். புது ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கணக்கு எழுதறேன் ஸார்" என்றேன். அனுபவம்!

கணக்கு என்று சொன்னது முழுப் பொய்யும் இல்லை. பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு என்று தேடுவான். ஒரு பக்கம் 'அதிகாரம்' என்று எழுதினால், எதிர்ப் பக்கம் 'பதில் சொல்லும் பொறுப்பு' என்று அதே தொகைக்கு ஓர் என்ட்ரி இருக்க வேண்டாமா? போதாக்குறைக்கு எங்கள் பக்கம் 'மகமை' பழகின பூமி. வியாபாரத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்கு எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் கட்டின ஜனங்கள். காசு கொடுத்தவன் கணக்குக் கேட்பான், வாங்கினவன் சொல்லியே ஆகவேண்டும். அந்த ஸ்டேஷன் லெட்ஜரில் எதிர்ப் பக்கம் மொத்தமும் காலியாக இருந்தது.

இதை சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற என் நண்பனிடம் புலம்பினேன். அவன் மொபைலில் அமெரிக்காவையே கரைத்துக் குடித்தவன்.

"மாப்ளே, அமெரிக்காவுல கவுண்டின்னு ஒண்ணு இருக்கு. நம்ம மாவட்டம் மாதிரி. அதுல முக்கால்வாசி இடத்துல ஷெரீப்ப ஜனங்கதான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறாங்க. ஒன்பது சாயந்திரம் அலைய விட்டான்னா, அடுத்த எலெக்ஷன்ல ஆள் காலி!"

ஆஹா என்றிருந்தது. உடனே மனசுக்குள் ஒரு காட்சி. ரைட்டர் கைகூப்பிக்கொண்டு என் வீட்டு வாசலில் நிற்கிறார். நான் தலையை நிமிர்த்தாமல் "சாயந்திரம் வாங்க" என்கிறேன்.

அந்தக் காட்சியைக் கெடுத்தவர் அண்ணாச்சி.

அண்ணாச்சி வெம்பக்கோட்டைப் பக்கத்துக்காரர். பலசரக்குக் கடை. 1996-ல் ஒரே ஒரு தடவை ஊராட்சி வார்டு மெம்பராக இருந்தார். இன்றைக்கும் ஊரில் அவரை 'மெம்பர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சரக்கு எடுக்க சிவகாசி வந்தால் எங்களோடு ஒரு டீ. அன்றைக்கும் வந்திருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ஷெரீப்பு நல்லவனா இல்லேன்னா?" என்றார்.

"அதான் ஓட்டு இருக்கே அண்ணாச்சி!"

"அவன் கெட்டவனா இருக்கறதே சனங்களுக்குப் புடிச்சிருந்தா?"

நண்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். வீட்டுக்குப் போய் நான் தேடிப் படித்தேன். அண்ணாச்சி சொன்ன ஆள் நிஜமாகவே இருந்தார்!

பேர் ஜோ அர்பாயோ. அரிசோனா மாநிலத்தில் மாரிகோபா கவுண்டி. பீனிக்ஸ் நகரம் இருக்கிற இடம். வெயிலில் நம்ம விருதுநகருக்கு அண்ணன். அந்த வெயிலில் கைதிகளுக்காகக் கூடாரச் சிறை போட்டார் மனிதர். கைதிகளுக்கு ரோஸ் கலர் உள்ளாடை கொடுத்தார். டி.வி.காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஜனங்கள் கைதட்டினார்கள். 1992-ல் ஆரம்பித்து வரிசையாக ஆறு தேர்தலில் ஜெயித்தார். இருபத்து நான்கு வருஷம் ஷெரீப்! லத்தீன் அமெரிக்க முகமாக இருந்தால் வண்டியை நிறுத்துகிறார்கள் என்று வழக்குப் போட்டார்கள். 2013-ல் கோர்ட், ஆமாம், இது இனம் பார்த்துப் பிடிக்கிற வேலைதான் என்று தீர்ப்புச் சொன்னது. நிறுத்து என்று சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. வழக்குச் செலவு, நஷ்ட ஈடு என்று கோடி கோடியாக டாலர் போனது. யார் பணம்? ஓட்டுப் போட்டவர்கள் கட்டின வரிப் பணம். 2016-ல்தான் தோற்றார். 2017 ஜூலையில் கோர்ட் அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பு. ஆகஸ்டில் ஜனாதிபதி டிரம்ப் மன்னித்து விட்டுவிட்டார்.

நம்ம ரைட்டர் எவ்வளவோ தேவலை. ஒன்பது சாயந்திரத்தோடு விட்டார்.

இங்கிலாந்துக்காரர்களும் இந்த ஆசையில் விழுந்தார்கள். 2012 நவம்பரில் போலீஸை மேற்பார்வை பார்க்க ஓட்டுப் போட்டு ஒரு கமிஷனர் என்று தேர்தல் வைத்தார்கள். மொத்தத்தில் சுமார் 15 சதவிகிதம் பேர்தான் வந்தார்கள். வேல்ஸில் நியூபோர்ட் என்ற ஊரில் ஒரு வாக்குச்சாவடியில் காலையிலிருந்து ராத்திரி வரை ஒருத்தர்கூட வரவில்லை. நம்ம ஊராக இருந்தால் பூத் ஏஜெண்டாவது நாலு ஓட்டைக் குத்தி மானத்தைக் காப்பாற்றியிருப்பார்! 2025 நவம்பரில் அந்தப் பதவியையே 2028-ல் எடுத்துவிடப் போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள்.

நமக்கும் ஒரு ஷெரீப் இருந்தார் தெரியுமோ? சென்னையில். ஆனால் நட்சத்திரமும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. ஊரில் பெரிய மனிதர் ஒருத்தரை அரசாங்கம் நியமிக்கும் கௌரவப் பதவி. விழாவுக்கு வந்து மாலை வாங்கிக்கொள்வார். பிறகு அதுவும் போய்விட்டது.

"அதெல்லாம் பட்டணத்து விஷயம் தம்பி. எங்க ஊர்லயே போலீஸ் இருந்துச்சு. எங்க தாத்தா காலத்துல முன்சீப்தான் போலீஸ், ஜட்ஜ் எல்லாம்" என்றார் அண்ணாச்சி.

நிஜம்தான். 1816-ல் கும்பெனி சர்க்கார் சென்னை மாகாணத்துக்கு ஒரு ரெகுலேஷன் போட்டது. பதினோராம் நம்பர். கிராமத் தலைவருக்குப் போலீஸ் அதிகாரம். வாய்த் தகராறு, சின்ன அடிதடி என்றால் ஆளைப் பிடித்துச் சாவடியில் பன்னிரண்டு மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். இதோடு விட்டார்களா என்றால் இல்லை. 'கீழ் சாதி' என்று அவர்கள் கருதினவர்களாக இருந்தால், காலை மரக்கட்டைத் துளையில் மாட்டி ஆறு மணி நேரம் வரை உட்கார வைக்கலாம். சட்டத்திலேயே அப்படி எழுதி வைத்திருந்தார்கள் ஸார்! ஒரே குற்றம், ஆளைப் பொறுத்துத் தண்டனை. அந்த முன்சீப்பை யார் தேர்ந்தெடுத்தது? அவர் அப்பா! பரம்பரை உத்தியோகம். சாவடி போய், கட்டை போய், அதிகாரமெல்லாம் தேய்ந்துபோன பிறகும் உத்தியோகம் மட்டும் நின்றது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு மணியம், கர்ணம் எல்லோரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1982-ல் அரசாங்கம் செய்தது செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அதன் பிறகு வந்தவர்தான் நம்ம வி.ஏ.ஓ. பரீட்சை எழுதி வருகிறவர்.

"அதனாலதான் சொல்றேன், பரம்பரையும் வேணாம், பரீட்சையும் வேணாம், ஓட்டு வைக்கணும்!" நண்பன் விடுவதாக இல்லை.

"ஓட்டு மட்டும் இருந்தாப் போதுமா? கொட்டகச்சியேந்தல் தெரியும்ல?" என்றார் அண்ணாச்சி.

தெரியாதவர்களுக்கு... அது நம்ம விருதுநகர் மாவட்டம்தான். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட ஊராட்சி. 1996-ல் தலைவர் பதவி தலித்துகளுக்கு என்று ஒதுக்கினார்கள். பத்து வருஷம் இந்த நாலு ஊரிலும் தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை. ஒன்று, யாரும் மனுத் தாக்கல் செய்ய முடியாது. இல்லையென்றால் ஜெயித்தவர் உடனே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவார். எழுதிக் கொடுக்க வைப்பார்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? 2006 அக்டோபரில்தான் தேர்தல் நடந்து, தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

(ராஜினாமா என்றதும் இன்னொரு விருதுநகர் ராஜினாமா ஞாபகம் வருகிறது. காமராஜர் ஜெயிலில் இருக்கும்போதே அவரை இங்கே நகராட்சிக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 1941 நவம்பரில் வெளியே வந்தார். முழுசாகக் கவனிக்க முடியாத பதவி எதற்கு என்று விட்டுவிட்டார். இது தானாகச் செய்த ராஜினாமா. அது வேறு, இது வேறு.)

நண்பன் ஒரு வடை சாப்பிட்டுத் தெம்பை வரவழைத்துக்கொண்டு, "சரி, இப்படி வச்சுக்கங்க. நம்ம சிவகாசிக்கு ஓட்டுப் போட்டு ஒரு இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்ல, பட்டாசு ஆலைய ஆய்வு பண்றவரு. எலெக்ஷன் வைக்கிறோம். என்ன நடக்கும்?"

சும்மா கேட்டான். நாங்கள் மூன்று பேரும் அடுத்த அரை மணி நேரம் அந்தத் தேர்தலை நடத்தியே முடித்துவிட்டோம்.

முதல் வேட்பாளர், சின்னம் தீப்பெட்டி. 'நான் வெற்றி பெற்றால் திடீர் ஆய்வு கிடையாது, ஒரு வாரம் முன்கூட்டியே போன் பண்ணிவிட்டுத்தான் வருவேன்' என்று வாக்குறுதி. போஸ்டர் ஆப்செட்டில், ஆறு கலரில். அச்சுக் கூலியை யார் கொடுத்தார்கள் என்று பிரஸ் அக்கவுண்டண்ட் என் நண்பனுக்கே தெரியாது. ரசீதில் பேர் இருக்காது. இரண்டாவது வேட்பாளர், சின்னம் வாளி. மணல் வாளி! 'ஒரு விதிமீறல் இருந்தாலும் ஆலையை மூடுவேன்' என்கிறார். கறுப்பு வெள்ளையில் ஒரு நோட்டீஸ். அவருக்கு டெபாசிட் கிடைக்குமா?

"கிடைக்காது" என்றார் அண்ணாச்சி. "முதலாளி காசு குடுத்துத் தோக்கடிப்பான்னு நெனைக்கறீங்களா? காசே வேணாம். நாங்களே தோக்கடிச்சிருவோம்."

நாங்கள் இருவரும் அவரையே பார்த்தோம்.

"ஆலைய மூடுனா சனிக்கிழமை சம்பளம் இல்ல. வெடி என்னிக்கோ ஒரு நா வெடிக்கும், வெடிக்காமலும் போகும். சனிக்கிழமை வாரா வாரம் வருதுல்ல?"

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் பேரியம் கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்று சொன்னபோது ஆலைகள் மாசக் கணக்கில் மூடிக் கிடந்தன. திறக்கச் சொல்லித் தெருவில் நின்றவர்கள் யார்? மருந்து அறையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கிற அதே ஜனங்கள்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. எனக்குச் சம்பளம் சனிக்கிழமை வருவதில்லை, கட்டுரை வெளியாகி இரண்டு மாசம் கழித்து வருகிறது. ஆனால் வந்துவிடுகிறது.

"ஓம் வண்டி போச்சுன்னா வண்டியோட போச்சு தம்பி. எங்க பக்கம் ரைட்டர் அலைய விட்டா உசிரு போகும்" என்று எழுந்தார் அண்ணாச்சி.

அன்றைக்கு ராத்திரி என் வண்டி ஞாபகம் கொஞ்சம் குறைந்தது.

பட்டாசு ஆலைக்கு லைசென்ஸ் யார் தருகிறார்கள் என்பது எங்கள் பக்கத்துச் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று மூன்று ரகம். கொஞ்சமாகச் செய்தால் மாவட்ட வருவாய் அலுவலர். கூடுதல் என்றால் மத்திய அரசின் வெடிபொருள் துறையில் சென்னை ஆபீஸ். பெரிய ஆலை என்றால் அந்தத் துறையின் தலைமை ஆபீஸ் இருக்கிற நாக்பூர். வெம்பக்கோட்டையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்! சிவகாசியிலும் ஆபீஸ் உண்டு. இதற்கு அடிப்படைச் சட்டம் 1884-ல் வெள்ளைக்காரன் போட்டது. விதிகள் 2008-ல் புதுசாக எழுதினது. அதில் இருக்கிற விதிகளைக் குறையே சொல்ல முடியாது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. மரத்தடியில் உட்கார்ந்து வேலை பார்க்கக் கூடாது. லைசென்ஸை இன்னொருத்தருக்கு உள்குத்தகை விடக் கூடாது. தொழிற்சாலைப் பாதுகாப்புக்கு மாநில அரசில் இன்னொரு துறை. வெடித்த பிறகு வழக்குப் போடுவதற்குப் போலீஸ்.

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி. 38 பேர் செத்தார்கள். அதில் பாதிக்கு மேல் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடி வந்தவர்களும், என்னவென்று பார்க்க வந்தவர்களும். விதிமீறலுக்காக அந்த ஆலையின் லைசென்ஸ் மேல் ஏற்கெனவே நடவடிக்கை எடுத்தாகிவிட்டது என்று அப்போதே செய்தி வந்தது. அதாவது அதிகாரம் தூங்கவில்லை. காகிதத்தில் தன் வேலையைச் செய்துவிட்டது. மருந்து அறைக்கு அந்தக் காகிதம் போய்ச் சேரவில்லை.

பிறகு 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம். 2024 மே மாசம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு தடவையும் நிவாரணம் அறிவிப்பார்கள், போர்மேனைக் கைது செய்வார்கள், முதலாளியைத் தேடுவார்கள். ஆய்வு செய்ய வேண்டிய அதிகாரி என்ன ஆனார் என்று பேப்பரில் தேடித் தேடிப் பார்ப்பேன். பெரும்பாலும் அந்தப் பத்தி இருக்காது.

இப்போது லெட்ஜரை எடுத்துக்கொள்ளுங்கள். நாக்பூர், சென்னை, டி.ஆர்.ஓ., இன்ஸ்பெக்டர்... இவர்கள் யாரும் நம் ஓட்டில் வந்தவர்கள் இல்லை. வரக் கூடாது என்றுதான் அண்ணாச்சியின் கணக்கு சொல்கிறது, எனக்கும் அது சரி என்றே படுகிறது. ஆனால் ஓட்டில் வராதவர் பதில் சொல்வதற்கு வேறு வழியாவது வேண்டுமே? போலீஸ் விஷயத்தில் 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழி சொன்னது. மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று போலீஸ் மேல் வரும் புகாரை விசாரிக்க ஓர் ஆணையம். தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி. தமிழ்நாடு 2013-ல் சட்டம் போட்டது. அதில் மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர் டி.ஜி.பி. மாவட்டத்துக்குக் கலெக்டர், கூடவே எஸ்.பி. மாமியார் மேல் புகாரை மாமியாரிடமே எழுதிக் கொடுத்து, நகலை நாத்தனாருக்கு அனுப்புவது மாதிரி!

சரி, ஓட்டில் வந்த ஆள் ஊரில் யாருமே இல்லையா? இருந்தார். ஊராட்சித் தலைவர். ராத்திரி பதினோரு மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். சட்டையைப் பிடிக்கலாம். ஆலையிடம் அவர் வரி வசூல் பண்ணலாம். ஆனால் உள்ளே போய் மருந்து அறையில் எத்தனை தலை என்று எண்ணி, ஆலையை மூடு என்று சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. அவரை நீக்கும் அதிகாரமும் ஓட்டுப் போட்ட நமக்குக் கிடையாது. 1994-ஆம் வருஷச் சட்டப்படி அது கலெக்டர் கையில். அந்தச் சட்டத்தில் கலெக்டருக்கு என்ன பேர் தெரியுமா? 'ஊராட்சிகளின் ஆய்வாளர்'. அங்கேயும் ஓர் இன்ஸ்பெக்டர்!

ஆக, நாம் கேள்வி கேட்கக்கூடிய ஆளிடம் சாவி இல்லை. சாவி வைத்திருப்பவர்களிடம் நாம் கேள்வி கேட்க முடியாது. அந்தக் கேள்வி கேட்கிற ஆளும் அடிக்கடி காணாமல் போய்விடுவார். 2016 அக்டோபரில் தேர்தல் ரத்து, மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர். பிறகு 2019 டிசம்பரில் தேர்தல். எங்கள் மாவட்டத்தில் 2025 ஜனவரி 5-ல் பதவிக்காலம் முடிந்தது, மறுபடி தனி அலுவலர் வந்தார்.

இதெல்லாம் எழுதத் தோன்றியதற்கு நிஜக் காரணம் என் வண்டி அல்ல. 2023 மே 1 அன்று, "சும்மா வா தம்பி, கிராம சபை பாத்திருக்க மாட்ட" என்று அண்ணாச்சி கூட்டிக்கொண்டு போனார். ஊராட்சியின் பேர் வேண்டாம். கோயில் எதிரே சாமியானா. தலைவர், செயலர், அரசாங்கத் தரப்பில் ஒரு பற்றாளர். ஜனம் அறுபது எழுபது பேர். தெரு விளக்கு, குடி தண்ணீர், நூறு நாள் வேலை என்று தீர்மானங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் வெயிலுக்குப் பயந்து ஓரமாக ஒதுங்கியிருந்தேன். நாற்பது நாற்பத்தைந்து வயசு இருக்கும், ஓர் அம்மா எழுந்தார். நகக் கண்ணெல்லாம் வெள்ளி நிறம். அலுமினியப் பவுடர், கழுவினாலும் லேசில் போகாது.

"எங்க ரூம்புல நாலு பேருன்னு செவத்துல எழுதிப் போட்டிருக்கு. நாங்க ஒம்போது பேரு இருக்கோம். யாருட்ட சொல்லணும்?"

தலைவர் பற்றாளரைப் பார்த்தார். பற்றாளர் செயலரைப் பார்த்தார். செயலர் தீர்மான நோட்டைப் பார்த்தார். நோட்டுக்குப் பார்க்க ஆள் இல்லை.

"இது நம்ம அதிகாரத்துல வராதும்மா" என்றார் தலைவர். மோசமான மனிதர் இல்லை. நிஜத்தைத்தான் சொன்னார்.

"வராட்டி போகுது. எழுதியாவது வைங்க."

செயலர் எழுதினார்.

"என்ன எழுதுனீக? வாசிங்க."

"பட்டாசுத் தொழிலாளர் பாதுகாப்பு குறித்து விவாதிக்கப்பட்டது."

"ஒம்போது பேருங்கறதக் காணோமே?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தம்மா சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை. கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். செயலர் ஒரு முறை தலைவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பழைய வரியை அடித்தார். ஆலையின் பேரைக் கேட்டு எழுதினார். 'ஓர் அறையில் நான்கு பேருக்குப் பதிலாக ஒன்பது பேர்' என்று எழுதினார். வாசித்தார். தலைவர் கையெழுத்துப் போட்டார். நகல் கலெக்டர் ஆபீசுக்குப் போகும் என்றார் பற்றாளர்.

அடுத்த திங்கட்கிழமை அந்தம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மாசம் தீப்பெட்டி ஒட்டப் போனார், பிறகு வேறு ஆலை, கூலி கம்மி என்று அண்ணாச்சி சொன்னார். எனக்கு மேற்கொண்டு கேட்கவே பயமாக இருந்தது. ஆகஸ்ட் கழிந்து ஒரு நாள் அவரே டீக்கடையில் ஆரம்பித்தார்.

"பதினஞ்சாம் தேதி கிராம சபைக்கு அந்தம்மா மறுபடி வந்துச்சு தம்பி."

"எதுக்கு?"

"போன தடவ எழுதுனத வாசிங்கன்னுச்சு."

"வாசிச்சாங்களா?"

"வாசிச்சாங்க. ஒம்போதுன்னுதான் இருந்துச்சு. கலெக்டர் ஆபீஸ்லேருந்து டி.ஆர்.ஓ.வுக்குப் போயிருக்குன்னாங்க. ஆலைக்கு ஜீப்பு வந்துட்டுப் போனதா ஊர்ல பேச்சு."

"அப்போ இப்ப அந்த ரூம்ல எத்தனை பேர் அண்ணாச்சி?"

அண்ணாச்சி கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அத எண்ணணும்னா உள்ள போகணும்லப்பா?"